ஔடததானத்தின் நிறைவு



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை இல்லறத்தாரின் கடமையாக அறநூல்கள் விதித்துள்ளன. இவற்றுள் ஔடததானத்தை, மருந்து வாங்கப் பொருள் அளிப்பதாகவே பலரும் கொள்கின்றனர். அடிபட்டுக் கிடக்கும் ஒரு குழந்தையை எண்ணிப் பார்த்தால் அத்தானத்தின் பொருள் விரியும். குழந்தை தானே மருத்துவரைத் தேடிச் செல்ல இயலாது. தன் வலியைத் தெளிவாக எடுத்துரைக்கவும் அறியாது. உரிய காலத்தில் அதனைக் கொண்டு சேர்த்து, குணமாகும்வரை உடன் நிற்பவரே அத்தானத்தை நிறைவு செய்கின்றார்.

1981-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில், நாட்டியம் பயின்றுவந்த சுதா சந்திரன் என்னும் பதின்வயதுப் பெண் காயமுற்றார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப்பட்டது. கட்டினுள் மறைந்த புண்ணோ முறையாகத் தூய்மை செய்யப்படாமையால் அழுகிற்று. உயிர் காக்க வலக்காலின் ஒரு பகுதியை நீக்க நேர்ந்தது. பின்னர், ஜெய்ப்பூர் மருத்துவர் பி.கே. சேத்தியைப் பற்றிப் பத்திரிகையில் படித்து அவரை நாடினார், செயற்கைக்கால் பெற்றார், வலி பொறுத்துப் பயின்று, 1984-இல் மீண்டும் மேடையேறினார். கவனியாது விடப்பட்ட சிறுபுண் ஒரு காலைப் பறித்தது. தக்க வேளையில் கிட்டிய ஒரு செய்தி அவரை மீண்டும் ஆட வைத்தது.

அந்த 'ஜெய்ப்பூர் கால்' 1968-இல் உருவானது. ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரின் கைத்திறனும் சேத்தியின் மருத்துவ அறிவும் அதில் இணைந்தன. சம்மணமிட்டு அமரவும், வெறுங்காலோடு வயல்வரப்பில் நடக்கவும் ஏற்றவாறு, ரப்பரால் குறைந்த செலவில் அமைந்தது அது. ஆயினும், அது ஏழைகளைச் சென்றடைய ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1969-இல் சாலை விபத்தொன்றில் காலை இழக்கும் நிலைக்குச் சென்று மீண்ட டி.ஆர். மேத்தா என்னும் சமண அன்பர், வசதியற்றோர்க்கு இந்நிலை நேரின் யார் துணை என்று சிந்தித்தார். பகவான் மகாவீரரின் 2500-ஆவது நிர்வாண ஆண்டையொட்டி, 1975-இல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியை நிறுவினார். சாதி, மதம், நாடு என்னும் வேறுபாடின்றி அங்கே செயற்கைக்கால் இலவசமாகப் பொருத்தப்படுகின்றது.

குழந்தைக்கு ஒருமுறை பொருத்துவதோடு பணி முடிவதில்லை. உடல் வளர வளரச் செயற்கைக்கால் குட்டையாகும், பிடிப்பு இறுகும், புதியது வேண்டும். ஒவ்வொரு முறையும் பெற்றோர் கூலியை இழந்து, பயணச்செலவு செய்து வரவேண்டும். பல குடும்பங்கள் இடைவழியில் நின்றுவிடுவது இதனாலேயே. மருந்துக்கு உதவுவோர் பலர். இரண்டாம் ஆண்டின் பேருந்துக் கட்டணத்தை நினைப்போர் சிலரே.

தவளக்குப்பத்தின் வழியே ஓடும் புதுச்சேரி–கடலூர் நெடுஞ்சாலையும் இக்கடமையை நாள்தோறும் நினைவூட்டுவதாகும். பள்ளிச் சிறுவர் அச்சாலையைக் கடந்தே செல்கின்றனர். விபத்து நேரின், காவல்நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என அஞ்சி விலகுவோர் இன்றும் உளர். அவ்வச்சத்திற்கு இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்சநீதிமன்றம் 2016-இல் சட்டவலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அப்பாதுகாப்பை உறுதிசெய்தது. சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் மத்திய அரசின் திட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியிலேயே ஜிப்மர் மருத்துவமனை உள்ளது.

குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூளோ மஞ்சளோ இடலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்தோ முதுகோ அடிபட்டிருப்பின், வண்டி வரும்வரை குழந்தையை அசைக்காதிருத்தல் நன்று. புண் சிறிதாயினும் அது கழுவப்பட்டதா, தடுப்பூசி போடப்பட்டதா எனக் கேட்டறிதல் வேண்டும்.

அதன்பின் செய்வதே அரிய அறம். ஊருக்கு ஒரு குடும்பம், காயமுற்ற ஒரு குழந்தையின் மறுபரிசோதனை நாள்களைக் குறித்துவைத்து, அந்நாள்களில் உடன் சென்று வருமாயின், எந்தக் குழந்தையின் சிகிச்சையும் பாதியில் நிற்காது. அக்குழந்தை தன் காலில் நடந்து பள்ளி செல்லும் நாளே அந்த ஔடததானம் நிறைவுறும் நாள்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!