பெட்டிக்குள் ஒரு கிழங்குப் பாத்தி

தில்லியில் எங்கள் குடியிருப்பின் பின்புற முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம். தோண்டுவதற்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. ஆயினும் அங்கே உருளைக்கிழங்கு பயிரிடத் துணிந்தேன். முதல் முயற்சி வீட்டாருக்கே தீங்காய் முடிய இருந்தது. அன்று கற்ற பாடத்தை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உருளைக்கிழங்கு, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் தோன்றிய பயிர். இரவுகள் குளிர்ந்திருந்தால்தான் கிழங்கு நன்கு திரளும். ஆகவே வடநாட்டுச் சமவெளியில் ஐப்பசியில் நட்டு, தை, மாசியில் அகழ்ந்தெடுக்கிறார்கள்.

பழைய சரக்குப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள பெட்டி ஒன்றை நானே செய்தேன். நீர் வடிய அடியில் துளையிட்டுச் செங்கற்களின் மேல் நிறுத்தினேன். தோட்டமண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து விளிம்புவரை நிரப்பினேன். முளைவிட்ட விதைக்கிழங்கை, துண்டுக்கு இரண்டு கண்களாவது அமையுமாறு அறுத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் ஆறு துண்டுகளை நான்கங்குல ஆழத்தில் நட்டேன்.

செடிகள் செழித்தன. தை மாதத்தில் மண்ணுக்கு மேலேயே கிழங்குகள் தலைகாட்டின, பசுமையாகவும் இருந்தன. பசுமையை இளமை என்று எண்ணிப் பெருமையுடன் சமையலறைக்கு அனுப்பினேன். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் முதல் துண்டை வாயிலிட்டதும் உமிழ்ந்துவிட்டார். “கசக்கிறதே! செடிக்கு மண் அணைத்தாயா, அப்பா?” என்று கேட்டார். கரும்புத் தோட்டங்களுக்கிடையே வளர்ந்தவர் அவர். சொற்களை மொழிபெயர்த்தே பிழைக்கும் எனக்கு அந்தச் சொல் புதிது!

உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் பருத்த தண்டு. விதைத்துண்டுக்கு மேற்பட்ட மண்ணிலேயே அது பெரும்பாலும் திரள்கிறது. வெயில் பட்டால் பசுமையடைகிறது. அத்துடன் சோலனின் என்னும் நஞ்சும் அதில் மிகுகிறது. அதை உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வேகவைப்பதால் அந்நஞ்சு நீங்காது. பசுமை படர்ந்து கசக்கும் கிழங்கை எறிந்துவிடுவதே நன்று.

மறு ஆண்டு பெட்டியைப் பாதியளவே நிரப்பினேன். செடி ஒரு சாண் வளர்ந்ததும், நுனித் தழைகள் வெளியே தெரிய, பாதித் தண்டு மறையுமாறு மண் அணைத்தேன். இருவாரம் கழித்து மீண்டும் அணைத்தேன். ஈரம் காயாமல் அளவோடு நீர் ஊற்றி, அகழ்வதற்குப் பத்து நாள் முன்னர் நிறுத்தினேன். ஏறத்தாழ மூன்று கிலோ கிடைத்தது. ஒன்றிலேனும் பசுமை இல்லை.

ஆகவே, பெட்டி செய்யும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் நாளே அதை நிரப்பிவிடாதீர்கள். மேலே விடும் வெற்றிடமே பின்னர் கிழங்குக்குப் போர்வையாகிறது. அவ்வாண்டு முதல் கவளத்தைத் தாயார்தாம் உண்டார், இம்முறை உமிழவில்லை.