தீயணைப்புப் பணியும் நம் இளைஞரும்



தலைமையாசிரியர் ஒருவர் வெள்ளிவிழா மேடையேறினால் கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவார் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இச்சங்கத்தார் முன் அதைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புத் தேறிய நம் பிள்ளைகள் சீருடைப் பணி என்றவுடன் காவல்துறையை மட்டுமே நினைக்கின்றனர். அதே தேர்வாணையம் அதே அறிவிக்கையின் வழியாக ஆளெடுக்கும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நாள்தோறும் நடப்பது என்ன, அங்கே உயிருக்குக் காப்பு என்ன என்று கேட்டால் விழிக்கின்றனர். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஏப்ரல் 14ஆம் நாள் நம் தெருக்களில் அண்ணல் அம்பேத்கரின் சிலைக்கு மாலை அணிவிக்கிறோம். அதே நாளில் இந்தியாவெங்கும் தீயணைப்பு நிலையங்களில் சீருடை அணிந்தவர்கள் தலைகுனிந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1944ஆம் ஆண்டு அந்நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. அதனுள்ளே பஞ்சுப் பொதிகளும் ஆயிரத்து முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட வெடிபொருள்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா என்று முடிவெடுத்து ஆணையிடும் பொறுப்பும் எவர் கையிலும் முழுமையாக இல்லை. தீயணைப்போர் குழாயைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றார்கள். மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. மாண்ட பல நூற்றுவருள் தீயணைப்பு வீரர் 66 பேர். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுவது அவர்கள் நினைவாகவே.

அவ்வாண்டில் அண்ணல் அவர்கள் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக வீற்றிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1943 டிசம்பரில், தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தினுள் தாமே இறங்கித் தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர் அவர். ஆபத்தான வேலை செய்பவனின் உயிரை அவனுடைய துணிச்சலிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நிருவாகம் கைகட்டி நிற்கலாகாது என்பதே அச்செயலின் பொருளென நான் கொள்கிறேன். பம்பாயில் மாண்ட அறுபத்தறுவரிடமும் துணிவுக்குக் குறைவில்லை. அவர்களுக்குத் தரப்படாமற்போனது செய்தியும் தெளிவான ஆணையுமே.

இனி ஒரு தீயணைப்பு நிலையத்தின் அன்றாட வாழ்வைப் பார்ப்போம். 1908ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய இத்துறை இன்று சிற்றூர்களுக்கு அருகிலும் நிலையங்கள் அமைத்துள்ளது. மணி அடிக்காதபோது அங்கே ஓய்வு என்று எண்ணுவோர் உண்டு, அது தவறு. காலையில் அணிவகுப்பு, பின்னர் வண்டியின் இயந்திரத்தையும் பம்பையும் ஓட்டிப் பார்த்தல், குழாய்களை விரித்து ஓட்டை உண்டா எனச் சோதித்து உலர்த்திச் சுருட்டுதல், ஏணி ஏறுதல், மயங்கியவனைத் தோளில் சுமந்து இறங்குதல், கயிற்றில் முடிச்சிடுதல். முடிச்சுத்தானே என்று இகழ வேண்டா. கும்மிருட்டில், நனைந்த கையுறையோடு, கண்ணால் பாராமலே போட வரவேண்டும் அந்த முடிச்சு. அதன் முனையில் தொங்குவது ஓர் உயிர். ஒரே செயலை நூறு முறை செய்யவைக்கிறார்களே என்று புதிதாய்ச் சேர்ந்தவன் சலித்துக்கொள்வானாம். வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லும்போது என் மாணவர்களும் அப்படித்தான் சலித்துக்கொள்கிறார்கள்.

101 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகள் யாவும் தீயைப் பற்றியன அல்ல. கிணற்றில் விழுந்த பசு, வீட்டினுள் புகுந்த பாம்பு, வெள்ளத்தில் சிக்கிய குடும்பம், சாலையில் நசுங்கிய வண்டிக்குள் அகப்பட்டவர் என எதற்கும் அவர்களே வருகிறார்கள். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும் இரவுதான் அவர்களுக்கு உறக்கமில்லாத இரவு. மனைவி மக்களுடன் அந்த நாளைக் கழித்த தீயணைப்பாளரைக் காண்பது அரிது.

தீயைக் காட்டிலும் கொடியது புகை. தீவிபத்துகளில் உடல் கருகுமுன்பே புகையால் மூச்சடைத்து மாண்டோர் மிகப் பலர். எரியும் அறையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியேறக் கற்பிக்கிறார்கள். புகைக்குள் செல்லும் தீயணைப்பாளர் முதுகில் சுமப்பது மூச்சுக்கருவி. அதிலிருப்பது ஆக்சிஜன் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான், அழுத்தி அடைக்கப்பட்டது.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஆசிரியனின் பழக்கம், பொறுத்தருள்க. உருளையின் கொள்ளளவு 6.8 லிட்டர், அழுத்தம் 300 பார். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,040 லிட்டர் காற்று. நிமிடத்திற்கு 40 லிட்டர் வீதம் செலவானால் 51 நிமிடம் வரும். ஆனால் படியேறி, ஆளைத் தூக்கி, வெப்பத்தில் உழைப்பவனுக்கு 60 லிட்டரும் போதாது. அப்போது 34 நிமிடமே. அழுத்தம் 50 பாருக்கு இறங்கும்போது எச்சரிக்கைச் சீழ்க்கை ஒலிக்கும். அதற்குமுன் அவன் வெளியே வந்திருக்க வேண்டும். ஆகவே கையில் உள்ளது 28 நிமிடம். அதிலும் திரும்பி வரும் வழிக்கு உரிய பங்கை ஒதுக்கியாக வேண்டும். வெளியே ஒருவர் நின்று உள்ளே சென்றவரின் பெயர், நேரம், அழுத்தம் ஆகியவற்றைப் பலகையில் எழுதிக்கொண்டே இருப்பார். எவரும் தனியே உள்ளே செல்லலாகாது. இருவராகவே செல்ல வேண்டும். இந்தக் கணக்கில் பிழை செய்தவனுக்கு மறுதேர்வு கிடையாது.

இக்கருவியைப் பற்றி இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நம் மக்கள் நன்கறிந்த ஒரு குழியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தேங்கி நிற்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ முகரும் உணர்வையே அது அழித்துவிடும். நாற்றம் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நம்பி இறங்குபவன் சில மூச்சுக்குள் வீழ்கிறான். அவனைத் தூக்க உடன்வந்தவன் இறங்குகிறான், அவனும் வீழ்கிறான். மூன்றாமவன் பெரும்பாலும் தம்பியாகவோ மகனாகவோ இருப்பான். பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் முன்னோர் வழக்கமும் இங்கே உதவாது. காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதை விளக்குக் காட்டும்; நச்சைக் காட்டாது; எரியும் வாயுவாயின் வெடிக்கவும் கூடும்.

மூவரும் வீழ்ந்தபின் 101க்கு அழைப்புப் போகிறது. வருகிற தீயணைப்பாளர் முகக்கவசம் பூட்டி, மூச்சுக்கருவியை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் அக்கயிற்றைப் பற்றியிருக்க, அதே குழியில் இறங்குகிறார். அம்மூவரையும் மேலே அனுப்பிவிட்டுத் தாமும் உயிருடன் ஏறி வருகிறார். குழி ஒன்றுதான், வாயு ஒன்றுதான். இறங்கியவருள் மாண்டவர் நம்மவர். மீண்டவர் பயிற்சியும் கருவியும் பெற்றவர். வேறுபாடு உடல் வலிவிலோ ஊழ்வினையிலோ இல்லை. ஒருவரை அனுப்பியவர்கள் அவர் திரும்ப வேண்டுமென்று நினைத்தார்கள். மற்றவரை அனுப்பியவர்கள் அப்படி நினைக்கவில்லை. மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்று. ஓர் உருளையின் விலையும் ஒரு வாரப் பயிற்சியும் அதைவிட எவ்வளவு மலிவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உங்களில் எவரையேனும் எவரேனும் அவ்வேலைக்கு அழைத்தால், கூலியைக் கேட்குமுன் மூச்சுக்கருவி எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் திரும்பி நடங்கள். எதிரே ஒருவர் விழுந்து கிடந்தாலும் இறங்காமல் 101ஐ அழையுங்கள். சொல்வதற்கே நெஞ்சு நடுங்கும் அறிவுரைதான்; எனினும் இதுவே நான்காவது உயிரைக் காக்கும்.

தீக்கும் நம் குடியிருப்புகளுக்கும் உள்ள பழைய உறவை நான் விளக்க வேண்டுவதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டது விபத்தன்று. அதைத் தீயணைப்புப் பாடத்தில் சேர்க்க எனக்கு மனமில்லை. அது வேறு வழக்கு. ஆனால் விபத்தாக எரியும் கீற்றுக் கூரைகளும் பெரும்பாலும் நம்முடையனவே. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளை விழுங்கியதைப் படித்த எந்த ஆசிரியனும் தன் வகுப்பறையின் வாயிலை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. கீற்றுத் தீ சில நிமிடங்களில் அடுத்த கூரைக்குத் தாவிவிடும். வண்டி வந்து சேர்ந்தாலும் தெருவுக்குள் நுழைய வேண்டுமே? நம் தெருக்கள் குறுகியவை. வண்டி நுழையும் அகலத்தில் ஒரு பாதை வேண்டும் என்று கிராம சபையில் கேட்பது அழகுக்காக அன்று, உயிருக்காக. தண்ணீர் ஊற்றுமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதையும் வீட்டுக்கு ஒருவரேனும் அறிந்திருத்தல் நலம்.

இப்பணி ஆபத்தற்றது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கம் எழிலகத்துப் பழைய கட்டடத் தீயில் கூரை சரிந்து ஒரு தீயணைப்பாளர் உயிரிழந்தார். 2017இல் கொடுங்கையூர் பேக்கரி ஒன்றில் எரிவாயு உருளை வெடித்து மற்றொருவர் மாண்டார். அங்கே வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும் தீக்காயம் அடைந்தனர். 2020 தீபாவளியன்று விடியுமுன் மதுரை ஜவுளிக்கடைத் தீயை அணைக்கையில் கட்டடம் இடிந்து இருவர் மறைந்தனர். இவற்றைக் கேட்ட தாய்மார்கள், 'பெற்ற பிள்ளையைத் தெரிந்தே தீக்குள் அனுப்புவதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் விடை இது: நம் பிள்ளைகள் ஏற்கெனவே ஆபத்தான வேலைகளில்தான் இருக்கிறார்கள். கல்குவாரியிலும் பட்டாசுக் கொட்டகையிலும் சாரத்தின் உச்சியிலும் இருக்கிறார்கள். அங்கே பயிற்சியும் அரிது, கவசமும் அரிது; பல இடங்களில் இறந்தபின் பெயர்கூடப் பதிவேட்டில் இருப்பதில்லை. தீயணைப்புத் துறையில் இவை யாவும் விதியாக உள்ளன. விதி நடைமுறையில் தளரும் இடத்தில் கவசம் கேட்டுப் பெறுவது அவனுடைய உரிமை. அதைக் கேட்கத் துணிவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

பெண்மக்களுக்கும் ஒரு சொல். அண்மை அறிவிக்கைகளில் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. இது எனக்கு உடன்பாடன்று. ஆனால் அலுவலர் பதவிக்குத் தடையில்லை. பிரியா இரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகிய இருவரும் 2003இல் இத்துறையின் அலுவலர்களாகச் சேர்ந்தனர். எழிலகத் தீயில் கடுமையான தீக்காயமுற்று உயிர்மீண்டவர் அப்பிரியா அவர்களே. பட்டம் பெற்ற நம் பெண்கள் குரூப் 1 தேர்வு எழுதி அவ்விடத்தை அடையலாம்.

பத்தாம் வகுப்புத் தேறிய தம்பிமார்களுக்கு: அண்மைய அறிவிக்கைகளின்படி பட்டியல் இனத்தாருக்கு வயது வரம்பு 18 முதல் 31 வரை, உயரம் 167 சென்டிமீட்டர். எழுத்துத் தேர்வோடு தமிழ்மொழித் தகுதித் தேர்வும் உண்டு. பின்னர் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டுக் கயிற்றில் வழுக்கி விழுந்து வீடு திரும்பிய பிள்ளைகளை நான் அறிவேன். கயிறு ஏறுவது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வரும் வித்தையன்று. உள்ளங்கை காய்ப்பேற ஆறு மாதம் வேண்டும். சங்கத்தின் படிப்பகத்துக்குப் பின்னுள்ள புளியமரத்தில் கயிறு கட்ட நிருவாகிகள் இசைந்துள்ளனர். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடக்கம். பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவர்களைக் காணலாம்.