காரின் காற்றாடி இறுகினால்
(வெஸ்ட் ஈலிங்கில் நடந்த சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புத்தாண்டு நாளில் கார் ஹீற்றரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைப்பீர்கள். குளிர் முடிந்து வெளிச்சம் நீளும் இந்த நாட்களில்தான் அதைத் திருத்த வேண்டும். மார்கழி இருட்டில் விறைத்த கையால் ஒரு ஸ்குறூவும் கழற்ற ஏலாது.

1994ஆம் ஆண்டு தை மாதம். நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய கார். ஹீற்றரின் காற்றாடி முதலில் கீச்சிட்டது, பிறகு இடையிடையே நின்றது. ஃபியூஸ் அடிக்கடி எரிந்தது. 1990 ஆனி முதல் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு ஃபியூஸ் ஒரு பிரச்சினையா? குறிப்பிட்டதைவிடப் பெரிய ஃபியூஸ் ஒன்றைப் போட்டேன்.

ஒரு விடியற்காலை இரவு வேலை முடிந்து அக்ஸ்பிறிட்ஜ் வீதியால் வந்தேன். காற்று வரவில்லை. கண்ணாடி முழுக்கப் புகார். சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். கடவையில் பிள்ளையோடு வந்த ஒரு தாயைக் கடைசி நொடியில்தான் கண்டேன். பிறேக் பிடித்து நின்றபோது, டாஷ்போட்டுக்குள் இருந்து எரிமணம் வந்தது.

எங்களோடு இருந்த கொக்குவில் அண்ணர் ஊரில் கராஜ் வைத்திருந்தவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஃபியூஸ் எரியிறது வருத்தமில்லை. அது வருத்தத்தைச் சொல்லுற வாய். நீ அந்த வாயைப் பொத்திப்போட்டாய்."

காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்களில் இலை சேரும். தண்ணீர் வடியும் வழி அடைபட்டால் ஈரம் மோட்டருக்குள் போய்த் துருப்பிடிக்கும். இறுகிய மோட்டர் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்ரர் அந்தக் காற்றாடியின் காற்றில்தான் ஆறுகிறது. காற்றாடி நின்றால் அது கொதிக்கும்.

இது எங்களுடைய பழைய காரின் கதை மட்டுமல்ல. வொக்ஸ்ஹோல் சஃபீரா பி கார்கள் தீப்பிடித்த விடயத்தில், 2015இல் இந்த நாட்டில் 2 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. ரெசிஸ்ரரின் வெப்ப ஃபியூசை முறையில்லாமல் திருத்தியது காரணமாகச் சொல்லப்பட்டது. 2016இல் மீண்டும் அழைத்தார்கள். ஈரத்தால் மோட்டர் இறுகுவதும் காரணமாகக் கண்டறியப்பட்டது. பாராளுமன்றக் குழுவும் இதை விசாரித்தது.

இனி வேலைக்கு வருவோம். ஆகக்கூடிய வேகத்தில் மட்டும் காற்று வந்தால் பெரும்பாலும் ரெசிஸ்ரர்தான் பழுது. கீச்சிட்டாலோ, தட்டினால் மட்டும் சுழன்றாலோ மோட்டரைப் பாருங்கள். திறப்பை எடுத்து, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். பல கார்களில் மோட்டர் குளோவ் பொக்ஸின் பின்னால் இருக்கும். அங்கே எயார்பாக் வயர் இருந்தால் கை வைக்காதேங்கோ, தெரிந்தவரிடம் கொடுங்கள். வெளியே எடுத்த காற்றாடியை விரலால் சுழற்றுங்கள். இலை, தூசியை பிரஷ்ஷால் துடையுங்கள். தண்டு சுழலும் புஷ்ஷில் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி போதும். காபன் பிரஷில் எண்ணெய் படக்கூடாது. தண்டு ஆடினாலோ, கனெக்ரர் உருகியிருந்தாலோ எண்ணெய் உதவாது, மாற்றத்தான் வேணும். கடைசியில் இலையையும் நீர்வழியையும் துப்புரவாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாரியில் அதே கதைதான்.

பழைய கார் வாங்குகிறவர்கள், திருப்பியழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று அரசாங்க இணையத்தளத்தில் பாருங்கள். அந்தத் திருத்தம் இலவசம்.

இல்லாததை வைத்துச் சமாளிக்கும் கெட்டித்தனம் எங்களை அங்கே வாழவைத்தது. அதை விடவேண்டாம். ஆனால் பின்சீற்றில் பிள்ளையள் இருக்கும்போது சமாளிப்பு வேறு, திருத்தம் வேறு.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.