மதுரைன்னா அரிவாள்தானா?

நடுவர் அவர்களே! இரு அணி நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே!

'சினிமா மண்ணின் முகத்தைக் காட்டுகிறதா, மறைக்கிறதா?' என்பது தலைப்பு. மறைக்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? "ஊர்ல இருக்கிறதைத்தானேய்யா படமா எடுக்கிறான்"னாரு. அப்படியா? 2004-ல் வந்த 'கில்லி'யை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வில்லன் முத்துப்பாண்டிக்கு எந்த ஊரு? மதுரை! அந்தக் கதை எங்கேருந்து வந்தது? 2003-ல் தெலுங்கில் வந்த 'ஒக்கடு' படத்திலிருந்து. அதுல இதே வில்லனுக்கு ஊரு கர்நூல்! கர்நூல்ல பஸ் ஏறினவன் மதுரையில வந்து இறங்கிட்டான்! (சிரிப்பு)

அது மதுரையைப் பார்த்து எழுதின கதை இல்லைங்க. அரிவாளுக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. அங்கே ராயலசீமா, இங்கே மதுரை! (கைதட்டல்)

ராயலசீமாக்காரங்க பாடும் இதுதான். 1999-ல் 'சமரசிம்ஹா ரெட்டி' ஓடினாலும் ஓடிச்சு, வரிசையா வெட்டுக்குத்துப் படங்கள். அங்கே கோஷ்டிச் சண்டை இருந்தது உண்மை. ஆனா மழை பொய்த்து, நிலக்கடலை கருகி, பிழைப்புத் தேடி வெளியூர் போற அனந்தபூர் விவசாயியை அந்தப் படங்கள்ல தேடித்தான் பார்க்கணும்.

"மதுரையில அடிதடியே இல்லையா?"ன்னு கேட்பாரு நண்பர். உண்டுய்யா. எந்த ஊர்ல இல்லை? மதுரையிலயும் கத்தி பிடிச்ச ஒருத்தர் இருந்தாரு. டாக்டர் வெங்கடசாமி! முடக்குவாதத்தால விரலெல்லாம் வளைஞ்சுபோன மனுஷர். அந்த விரலால கத்தி பிடிச்சு, ஆயிரக்கணக்கான பேருக்குக் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல் அவர் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அந்தக் கத்தி உங்க சினிமாக்காரன் கண்ணுக்குத் தெரியலையே! (பலத்த கைதட்டல்)

சரி, படம்தானே, போகட்டும்னு விடலாமா? வெளியூருக்கு வேலைக்குப் போற பையன்கிட்ட, "மதுரையா? பையில அருவா இருக்கா?"ன்னு கேட்கிறாங்க. விளையாட்டுக்குக் கேட்டாலும் உறுத்துமில்லே? பொண்ணு கொடுக்கிற வீட்டுலயும், "அந்த ஊரா?"ன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறாங்க.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, தாய்மார்களே! கேட்டுக் கேட்டு, நம்ம பிள்ளையே ஒருநாள் மீசையை முறுக்கிக்கிட்டு, "ஆமா, நாங்க அப்படித்தான்"னு சொல்லுவான். அன்னைக்கு அந்தப் பொய் திரையிலிருந்து இறங்கி நம்ம வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துடும். அப்புறம் அது பொய்யில்லே, உண்மையாவே ஆயிடும்!

ஆகவே, சினிமா மண்ணின் முகத்தை மறைக்கிறது. மறைத்த இடத்தில் ஒரு முகமூடியையும் மாட்டிவிடுகிறது என்று கூறி அமர்கிறேன்.