குழல்வாயும் குறியும்



சித்தன்னவாசல் என்றதும் அறிவர் கோயிலின் தாமரைத் தடாக ஓவியந்தான் உங்கள் நினைவுக்கு வரும். 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள், பள்ளி மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஓவியங்களைக் கண்டபின் குன்றின்மேல் ஏறி, சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்திற்கு அருகே இளைப்பாறினோம். அப்போது ஒரு சிறுவன், ஓவியத்தைப் பற்றியும் கேளாமல் துறவியரைப் பற்றியும் கேளாமல், “ஐயா, குறி பார்த்துத்தானே சுடுகிறார்கள்? பிறகு குண்டு எப்படி ஊருக்குள் வந்தது?” என்று கேட்டான்.

அவன் எதனைக் கேட்டான் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. 2021 டிசம்பர் 30 அன்று, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில், வீட்டிலிருந்த ஒரு சிறுவனின் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பசுமலைப்பட்டியில் இருந்த சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு அது. மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய அச்சிறுவன் 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். அக்குண்டு எதனால் வழி தவறிற்று என்று தீர்ப்புக் கூறுவது என் வேலை அன்று. ஆனால் ஒரு குண்டு எவ்வளவு எளிதில் வழி தவறக்கூடும் என்பதை விளக்குவது ஆசிரியன் வேலைதான்.

என் கையில் ஊன்றுகோல் இருந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். படைத் துப்பாக்கி ஒன்றின் நீளமும் அவ்வளவே. கேட்ட சிறுவனையே அதனைத் தோளில் சார்த்திக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொன்னேன். “இப்போது முனையை மட்டும் ஐந்து சென்டிமீட்டர் உயர்த்து” என்றேன். மூன்று விரல் அகலம்தான். வடிவொத்த முக்கோணக் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், 300 மீட்டருக்கு 15 மீட்டர் உயரும். 300 மீட்டர்த் தொலைவில், குண்டைத் தடுக்க 10 மீட்டர் உயர மண்மேடு எழுப்பியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு அத்தொலைவைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் கீழிறங்குவது ஒரு மீட்டர்கூட ஆகாது. ஆகவே அது மேட்டைத் தாண்டிவிடும். தாண்டிய குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லவல்லது. பையன் கோலை உயர்த்தியபடி, அது காட்டிய திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே பனைகளுக்கு அப்பால் சில வீடுகள் தெரிந்தன.

சுடும்போது துப்பாக்கியின் வாய் ஏன் உயர்கிறது? குண்டும் வாயுவும் முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. உதை குழலின் அச்சின் வழியே வருகிறது. தோளின் தாங்கலோ பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதனால் வாய் மேல்நோக்கித் துள்ளுகிறது. அடுத்தடுத்துச் சுட்டால் துள்ளல் மேலும் மேலும் ஏறும்.

இதனை அடக்கவும், இருளில் தீப்பிழம்பைக் குறைக்கவும் குழல்வாயில் ஒரு சிறு உலோக உருளையைத் திருகி வைக்கின்றனர். உலக்கையின் பூணை நினைவூட்டுவதால் நாம் இதனை ‘வாய்ப்பூண்’ என்போம். குண்டுக்குப் பின்னே பீறிடும் வாயுவை இதன் துளைகள் திசைதிருப்புகின்றன. மேற்புறத் துளை வழியே வாயு மேலே பாய்ந்தால் வாய் கீழே அழுந்தும். 1959-இல் சோவியத் நாட்டுப் படை ஏற்ற ஏ.கே.எம். துப்பாக்கியின் சாய்வெட்டுப் பூண் இவ்வகையது.

நம் அண்டை மாவட்டமாகிய திருச்சிராப்பள்ளியில் 1966-இல் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை, இன்சாஸ் துப்பாக்கிகளைச் செய்த ஆலைகளுள் ஒன்று. இன்சாஸின் குழல்வாயிலும் தீப்பிழம்பை மறைக்கும் பூண் உண்டு.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். இது படைக்கலப் பணியாளர் செய்யும் வேலை. உங்கள் கைக்கு உரியது அன்று. எனினும் இதிலுள்ள துல்லியம் அறியத்தக்கது. முதலில் குண்டை நீக்கி, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வர். பிறகு மரையையும், பூண் வந்து அமரும் தோளையும் துடைப்பர். ஒட்டியிருக்கும் கரித்துகள் ஒன்றே பூணைச் சாய்த்துவிடும். மரை குழலின் புறத்தோடு ஒத்திருந்தால் போதாது. உட்துளையின் அச்சோடு ஒத்திருக்க வேண்டும். புறமும் உள்ளும் ஒரே மையம் உடையவை என்று நம்புவதே பலரும் செய்யும் பிழை. அந்த அச்சுக்குத் தோள் செங்கோணமாகவும் இருத்தல் வேண்டும்.

துல்லியமாகச் சுடுவதற்கென அமைந்த சில பூண்களில், துளை குண்டின் குறுக்களவைவிட அரை மில்லிமீட்டரே பெரிதாக இருக்கும். அதாவது பக்கத்திற்குக் கால் மில்லிமீட்டர், இரண்டு மூன்று தாள்களின் கனம். அதற்குமேல் பூணின் முனை சாய்ந்தால் குண்டு உரசும். உரசிய குண்டு தன் சுழற்சியில் தடுமாறி, குறியை விட்டு எங்கோ செல்லும். ஆகவே திருகியபின், நேராகத் தீட்டிய எஃகுக் கோல் ஒன்றைக் குழலினுள் செலுத்தி முன்னிருந்து நோக்குவர். கோலைச் சுற்றிலும் இடைவெளி சமமாகத் தெரிய வேண்டும். ஒருபுறம் பிறையாக மெலிந்தால், கழற்றிக் காரணம் தேட வேண்டுமே ஒழிய, அடித்து நிமிர்த்தக் கூடாது.

மேற்புறத் துளை உச்சியை நோக்கி நிற்கும் நிலையில் திருகல் இறுகவும் வேண்டும். முன்னரே இறுகிவிட்டால், அளந்தெடுத்த மெல்லிய வளையத் தகடு ஒன்றை இடையிலிட்டுச் சரிசெய்வர். துளை பக்கவாட்டில் திரும்பி நின்றால், வாயைக் கீழே அழுத்த வேண்டிய வாயு பக்கவாட்டில் தள்ளிவிடும்.

இத்தனையும் செய்த பின்னும் பழைய குறியை நம்ப மாட்டார்கள். பூணின் எடை குழலின் அதிர்வை மாற்றிவிடுவதால், சில குண்டுகளைச் சுட்டு, அவை எங்கே விழுகின்றன என்று பார்த்துக் குறிக்கருவியைத் திருத்துவர். உங்களுள் தேசிய மாணவர் படையில் இருப்போர், சுடும் தளத்தில் ‘நிறுத்து’ என்ற ஆணை கேட்டதும் வெறுந்துப்பாக்கியையும் மண்மேட்டை நோக்கியே வைத்திருக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே கணக்கில் கொள்வது அந்த ஐந்து சென்டிமீட்டரைத்தான்.