விலைபோகாத நேரம்

வானொலி நிலையம் நடத்துவோருக்கு விடியற்காலை நான்கு மணி என்பது விலைபோகாத நேரம். ஊர் உறங்கும் வேளையில் விளம்பரம் தருவார் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய மொழி வானொலிக்குள் நுழைந்தது, பெரும்பாலும் இந்த நேரத்தின் வழியாகத்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பெத்ரோ கொன்சாலஸ் என்னும் மெக்ஸிகோ நாட்டார் ஒருவர், 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், காலை நான்கு மணிமுதல் ஆறு மணிவரை தம் மொழியில் நிகழ்ச்சி நடத்தினார். அவருடைய பாடகர் குழுவின் பெயர் 'லோஸ் மத்ருகதோரெஸ்'. வைகறையில் எழுவோர் என்பது அதன் பொருள். எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! நிலையத்தார் வீணென்று ஒதுக்கிய நேரமே, வயலுக்குப் புறப்படும் மெக்ஸிகோ தொழிலாளர் விழித்திருந்த நேரம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, எங்கே வேலை கிடைக்கும் என்று அவர் அறிவிப்பார். பொருளாதார நெருக்கடியின்போது மெக்ஸிகோ மக்களைக் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டு அனுப்பியதையும் வானொலியிலேயே கண்டித்தார். 1934இல் அவர் சிறை புகுந்தார். குற்றச்சாட்டு பொய்யென்றே அவர் இறுதிவரை சொல்லிவந்தார். 1940இல் விடுதலை செய்து மெக்ஸிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாடகை நேரத்தில் பேசுகிறவன் குரல் வீட்டுக்காரன் மனம்போல்தான் நிலைக்கும். இதை உணர்ந்தவர் டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரின் ரவுல் கொர்த்தெஸ். பிறர் நிலையத்தில் நேரம் வாங்கி நிகழ்ச்சி நடத்திய அவர், 1946இல் சொந்த நிலையமே நிறுவினார். நாள் முழுதும் ஸ்பானிய மொழி ஒலித்த நிலையம் அது.

நகரத்துக்கு இது சரி. கடைகள் உண்டு, விளம்பரம் உண்டு. சிற்றூர்களின் நிலை என்ன? இங்கே என் தொழிலில் நான் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடம் முடிந்ததும், "புரிந்ததா?" என்று கேட்பேன். பின்வரிசை மௌனமாயிருக்கும். புரிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். கேள்வியே புரியாதவன் எப்படி விடை சொல்வான் என்று தோன்றப் பல ஆண்டுகள் ஆயின. கேட்பார் இல்லை என்று சொல்லும் வானொலி நிலையத்தாரிடமும் நான் காண்பது இதே பிழைதான்.

வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கு என்று ஒன்று உண்டு. ஆப்பிள் தோட்டமும், மது வடிக்க உதவும் ஹாப்ஸ் கொடியும் மிகுந்த நிலம். அங்கே உழைப்போரில் பெரும்பாலோர் டெக்ஸாஸிலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் வந்த குடும்பத்தினர். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் எப்போது கால் வைக்கலாம், கூலி குறைந்தால் யாரிடம் முறையிடலாம், பிள்ளையை எந்த மருத்துவரிடம் காட்டலாம் - இவற்றை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. 1979 டிசம்பரில் கிரேஞ்சர் என்னும் சிற்றூரில் கே.டி.என்.ஏ. நிலையம் பிறந்தது. அவ்வெழுத்துகளைச் சேர்த்தொலித்தால் 'கதேனா' என்னும் ஸ்பானியச் சொல்லின் ஓசை வரும். சங்கிலி என்று பொருள். விளம்பரத்தை நம்பாத நிலையம். அதன் முதல் மேலாளர் ரோசா ராமோன் என்ற பெண்மணி; ஒலிபரப்புக் கருவிகளை இயக்கவும் நிகழ்ச்சி தயாரிக்கவும் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். கற்பிக்கும் தொழிலில் இருந்தவனாகையால், அந்நிலையத்தின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இப்பகுதியே.

குடியேற்ற அதிகாரிகள் தோட்டங்களைச் சோதனையிட வந்த நாள்களும் உண்டு. நிலையத்தார் அதை வெளிப்படையாக அறிவிக்கவில்லை. அவ்வதிகாரிகளைப் பற்றிய ஒரு ஸ்பானியப் பாட்டை ஒலிபரப்புவார்கள். மொழியறியாதார் காதுக்கு அது வெறும் பாட்டு. தோட்டத்தில் ஏணிமேல் நின்றவனுக்கு அது செய்தி.