இறக்கத்தில் எஞ்சினே துணை

காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன் சமவெளியில் சாதுவாகத் தொடரும். மலைச்சாலையில் அதே கேரவன் காரைப் பின்னுக்கு இழுக்கும், முன்னுக்குத் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் திருப்பவும் பார்க்கும். எடுத்துக்காட்டாக, தில்லி லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சிம்லா சுமார் 350 கிலோமீட்டர். கால்கா அடிவாரம் வரை பெரும்பாலும் சமதரைதான். கால்கா ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா ரயில் நிலையம் 2,075 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆக, 1,400 மீட்டர் ஏற்றம் முழுவதும் பயணத்தின் கடைசிக் கால்பகுதியில் வந்து சேர்கிறது.

பாதுகாப்பு, சாமான் ஏற்றும்போதே தொடங்குகிறது. கனமான பொருள்கள் தரையை ஒட்டி, சக்கர அச்சுக்கு மேலாகவோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் கேரவன் வாலாட்டத் தொடங்கும். கொக்கியின் மேல் இறங்கும் எடை எவ்வளவு இருக்கலாம் என்று கார், கேரவன் இரண்டின் கையேடுகளும் சொல்லும். அந்த வரம்பை மீறக் கூடாது. கொக்கிக்கு அடியில் இரண்டு காப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் இழுகம்பி சாலையில் குத்தாமல் சங்கிலியில் தங்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு தேவை. இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏறும்போது எஞ்சின்தான் பாடுபடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். எஞ்சின் திணறும் முன்பே கியரைக் குறைப்பதும், வெப்பமானியைக் கவனிப்பதும், முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துவதும் நல்லது. பின்னால் வண்டிகள் சேர்ந்தால், அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் கேரவனின் சக்கரங்கள் காரின் தடத்தில் வருவதில்லை. உட்பக்கமாகக் குறுக்கே வெட்டுகின்றன. சீக்கிரம் திருப்பினால் அவை பாறையிலோ தடுப்புச்சுவரிலோ உரசும். எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹார்ன் அடித்து, எதிரே வண்டி இல்லையென்று தெரிந்தபின் சற்று அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டும். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பெரிய ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. காரும் கேரவனும் சேர்ந்து 3,500 கிலோ என்றால், 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 150 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் பெரும்பங்கைப் பிரேக்கே தாங்கினால் அதன் கட்டைகள் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. உதகை–மசினகுடி சாலையில், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில், வெளியூர் வண்டிகள் பலமுறை கட்டுப்பாடு இழந்து விபத்துக்குள்ளானது இறக்கத்தில்தான்.

ஏறிய கியரிலேயே, தேவையானால் அதற்கும் கீழான கியரில், இறங்க வேண்டும். அந்தக் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கக் கூடாது. அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். நியூட்ரலில் இறங்குவதோ எஞ்சினை அணைப்பதோ உயிருக்கு உலை. கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

கேரவன் வாலாட்டினால் சட்டென்று பிரேக் போடவும் கூடாது, வேகம் கூட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கேரவனுக்குத் தனிப் பிரேக் விசை இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்கலாம்.

மழைக்காலத்தில் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே அறிவு. 2023 ஆகஸ்டில் பர்வாணூ அருகே சக்கி மோட் என்னுமிடத்தில் சாலையே சரிந்து, சிம்லா போக்குவரத்து தடைபட்டது. அப்படி வழி அடைபட்டால், கேரவனோடு மலைச்சாலையில் திரும்புவது மிகக் கடினம். தங்குமிடம் சேர்ந்ததும், கேரவனின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும்.